ஹைட்ரேட் வாயு: இருப்புக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலிலோ தூத்தூரிலோ சாயாக்கடையில் கடலடி எரிவாயுவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி உண்டு. நம் கடலுக்கடியில் நூற்றாண்டுக்கணக்கில் எரிக்கிற அளவுக்குப் பனிக்கட்டி வாயு, அதாவது மீத்தேன் ஹைட்ரேட், கிடக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை என்பது ஒரு கட்சி. அதை எடுக்கத்தான் கப்பல் வருகிறது, இனி மீன்பாடு அவ்வளவுதான் என்பது மறு கட்சி. இரண்டு பேரும் எவ்வளவு இருக்கிறது என்ற ஒரே எண்ணை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் கேட்பது வேறு எண்: ஒரு கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு வாயு தருகிறது, கூடவே எவ்வளவு தண்ணீரையும் மணலையும் கொண்டுவருகிறது?

முதலில் இருப்புக் கணக்கையே பார்த்துவிடலாம். இந்தியக் கடல்களில் 1,894 ட்ரில்லியன் கன மீட்டர் என்று ஒரு மதிப்பீடு பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011-ல் வந்த உலகளாவிய மதிப்பீடு இந்தியாவுக்குக் கொடுத்தது 933 ட்ரில்லியன் கன அடி, அதாவது சுமார் 26 ட்ரில்லியன் கன மீட்டர். எழுபது மடங்கு வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டாவது கணக்கு மணல் அடுக்குகளில் இருக்கும் ஹைட்ரேட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. களிமண்ணில் விரவிக் கிடப்பதைக் கணக்கில் சேர்க்கலாம், குழாயில் சேர்க்க முடியாது. அந்த 26 ட்ரில்லியனும்கூட மண்ணுக்குள் இருக்கும் அளவுதான், மேலே வரக்கூடிய அளவு அல்ல. நாட்டின் ஒரு வருட வாயுச் செலவு சுமார் 70 பில்லியன் கன மீட்டர். அதால் இதை வகுத்து ‘நானூறு வருடத்துக்குக் கவலையில்லை’ என்று எழுதுவது அதனால்தான் அபத்தம்.

பொருள்

மீத்தேன் ஹைட்ரேட் பார்க்கப் பனிக்கட்டி மாதிரிதான் இருக்கும். நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி நிற்கும், கூண்டுக்கு ஒன்றாக மீத்தேன் அடைபட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே வேதிப்பிணைப்பு கிடையாது. உள்ளே வாயு இருப்பதால் கூண்டு சரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்தால் எட்டுக் கூண்டுகள். எட்டும் நிரம்பினால் ஒரு மீத்தேனுக்கு 5.75 நீர் என்ற விகிதம் வரும். எடையில் மீத்தேன் ஏறக்குறைய 13 சதவீதம், மீதி எல்லாம் தண்ணீர்.

ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் கரைந்தால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 164 கன மீட்டர் வாயுவும் 0.8 கன மீட்டர் நல்ல தண்ணீரும் கிடைக்கும். வீட்டுக் கணக்கில் சொன்னால், 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் இருக்கும் வெப்பத்துக்குச் சமமாக 18 கன மீட்டர் மீத்தேன் வேண்டும். அதற்கு 110 லிட்டர் ஹைட்ரேட், எடை 100 கிலோ. மீன்பிடித் துறைமுகத்தில் நொறுக்கிப் போடுகிற ஐம்பது கிலோ ஐஸ் பார் இரண்டு. எரித்து முடித்தபின் கையில் 87 கிலோ தண்ணீர் மிச்சம் நிற்கும். இந்த 87 கிலோவை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒவ்வொரு கட்டத்திலும் அது வந்து குறுக்கே நிற்கும்.

குமரிக் கடலில் எங்கே இருக்க முடியும், எங்கே முடியாது

ஹைட்ரேட் நிலைத்து நிற்கக் குளிரும் அழுத்தமும் சேர்ந்து வேண்டும். அழுத்தத்தை ‘பார்’ கணக்கில் சொல்கிறேன், ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். நல்ல தண்ணீரில் 0 டிகிரியில் 26 பார், 4 டிகிரியில் 39 பார், 10 டிகிரியில் 70 பார், 15 டிகிரியில் 120 பார் அளவுக்கு அழுத்தம் தேவை. கடல்நீரின் உப்பு இந்தக் கோட்டை ஒரு டிகிரிக்கு மேல் கீழே தள்ளிவிடும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு பார் கூடும். எனவே கேள்வி எளிது: எந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது?

குமரி முனைக்குத் தெற்கே நம் ஆட்கள் வலை போடும் வாட்ஜ் பேங்க் ஆழம் குறைந்த கடலடி மேடை. இருநூறு மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 20 பார்தான் வரும். அந்த அழுத்தத்தில் தண்ணீரே உறைந்து கிடந்தாலும் ஹைட்ரேட் நிற்காது, அங்கே கடலடி இருப்பதோ வெதுவெதுப்பில். ஆகவே வாட்ஜ் பேங்க்கில் ஹைட்ரேட் கிடையாது. அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் ஆசை காட்டுகிறவர்களுக்கும் இதுவே பதில். நம் வெப்பமண்டலக் கடலில் எழுநூறு, எண்ணூறு மீட்டருக்குக் கீழே போனால்தான் கடலடியில் நிலைக்கும் சூழல் தொடங்கும். அதற்குக் கீழேயும் மண்ணுக்குள் இறங்க இறங்கப் பூமிச்சூடு ஏறும். அதனால் கடலடியிலிருந்து சில நூறு மீட்டர் தடிப்புள்ள ஒரு பட்டைக்குள்தான் அது இருக்க முடியும்.

இருக்க முடியும் என்பதும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மீத்தேன் உற்பத்தியாக வேண்டும், அது நகர்ந்து வர வழி வேண்டும், தங்க மணல் வேண்டும். 2006-ல் இந்தியாவின் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டம் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பலை வைத்து 21 இடங்களில் துளையிட்டது. கிருஷ்ணா-கோதாவரி, மகாநதி, அந்தமான் ஆகிய இடங்களில் ஹைட்ரேட் கிடைத்தது. நம் மேற்குக் கடலின் தொடர்ச்சியான கேரள-கொங்கண் படுகையில் துளைத்த ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. நில அதிர்வுப் படத்தில் கடலடிக்கு இணையாக ஓடும் ஒரு கோடு தெரிந்தாலே ‘ஹைட்ரேட் கண்டுபிடிப்பு’ என்று செய்தி போடுவார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் காட்டுவது பட்டைக்குக் கீழே கொஞ்சம் தனி வாயு தேங்கியிருப்பதை மட்டுமே. மேலே எவ்வளவு ஹைட்ரேட், எந்த மண்ணில் என்பதைத் துளைத்தால்தான் அறியலாம்.

கிருஷ்ணா-கோதாவரியிலேயே பாடம் இருக்கிறது. 2006-ல் பத்தாவது இடத்தில் 128 மீட்டர் தடிப்புக்கு ஹைட்ரேட் கண்டார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அது களிமண்ணின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. அழுத்தத்தைக் குறைத்தால் அந்தக் குறைவு களிமண் வழியே பரவாது, கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ளது மட்டும் கரையும். அதனால்தான் 2015-ல் ஜப்பானின் சிக்யூ கப்பலோடு இரண்டாம் முறை போனபோது தடிப்பைத் தேடாமல் மணலைத் தேடினார்கள். மணல் அடுக்கும் கிடைத்தது. உற்பத்திக்கு ஒரு வாய்ப்பு இருந்தால் அது அந்த இடங்களில்தான்.

குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் ஓஎன்ஜிசிக்குக் கொடுக்கப்பட்ட மூன்று வட்டாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ல் வந்த உரிமக் கொள்கைப்படி ஒரே உரிமம் எண்ணெய், இயற்கை வாயு, ஷேல், ஹைட்ரேட் எல்லாவற்றுக்கும் செல்லும். எனவே தாளில் ஹைட்ரேட்டும் அதற்குள் அடக்கம். நடைமுறையில் முதல் கிணறு போடுகிறவர்கள் தேடுவது ஆழத்தில் இருக்கும் வழக்கமான எண்ணெயையும் வாயுவையும். அவர்களுக்கு ஹைட்ரேட் என்பது துளையிடும்போது மேலே குறுக்கிடும் தொல்லை. பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போகும் தூத்தூர் படகுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. கடலில் ஒரு மேடை அமைத்தால் அதைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடச் சர்வதேசச் சட்டம் இடம் தருகிறது. கேட்கச் சின்ன வட்டம்தான். ஆனால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு விட்ட தூண்டில் கயிறு நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை அந்த வட்டத்தில் மாட்டாமல் காக்க உண்மையில் விலக வேண்டிய தூரம் இதைவிட எவ்வளவோ அதிகம். கூட்டங்களில் இந்தக் கணக்கை மேசையில் வையுங்கள்.

எடுக்கும் முறை

கல்குவாரி மாதிரி வெட்டி எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருக்கும் இடத்திலேயே கரைத்து, வாயுவை மட்டும் மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு இன்று கைகொடுப்பது அழுத்தக் குறைப்பு. விஷயம் நம்மூர் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்தான். ஆயிரம் மீட்டர் கடல், அதற்குக் கீழே முந்நூறு மீட்டர் மண் என்றால் ஹைட்ரேட் அடுக்கில் சுமார் 130 பார் இருக்கும். கிணற்றுக்குள் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கித் தண்ணீரை இறைத்தால் உள்ளே நீர்மட்டம் கீழே போகும். ஐந்நூறு மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் மட்டும் மிச்சம் இருக்கிற மாதிரி இறைத்தால் கிணற்றடியில் அழுத்தம் 50 பார். அந்த மணலின் சூட்டில் ஹைட்ரேட்டுக்கு 50 பார் போதாது. கூண்டு உடைகிறது, வாயுவும் நீரும் மணல் வழியாகக் கிணற்றை நோக்கி வருகின்றன. ஜப்பான் 2013 மார்ச்சில் நங்காய் அகழியில் செய்தது ஏறக்குறைய இதுதான்.

இன்னும் இறைத்தால் இன்னும் வேகமாக வருமே என்று தோன்றும். கீழே ஒரு தடை இருக்கிறது. 26 பாருக்குக் கீழே போனால் ஹைட்ரேட் கரையும் இடத்தின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். விடுபட்ட நல்ல தண்ணீர் அங்கேயே பனிக்கட்டியாகி மணல் துவாரங்களை அடைத்துவிடும். அதனால் 30 பாருக்கு மேலேயே நிறுத்துவது வழக்கம்.

இப்போது வெப்பக் கணக்கு. எல்லாச் சிக்கலுக்கும் இதுதான் வேர். ஹைட்ரேட் கரைய வெப்பம் வேண்டும், வரும் வாயு கன மீட்டருக்கு 2.4 மெகாஜூல். அந்த வாயுவை எரித்தால் 36 மெகாஜூல் கிடைக்கும் என்பதால் இது பதினைந்தில் ஒரு பங்குதான், லாபமாகத் தோன்றும். ஆனால் வெப்பம் எங்கிருந்து வரும்? மணலில் நாற்பது சதவீதம் துவாரம், அதில் எழுபது சதவீதம் ஹைட்ரேட் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் மண்ணில் 0.28 கன மீட்டர் ஹைட்ரேட், 46 கன மீட்டர் வாயு. முழுதும் கரைய 110 மெகாஜூல் தேவை. மண்ணின் சொந்தச் சூடு 13 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு இறங்கினால் கொடுக்கக்கூடியது 20 மெகாஜூல் சொச்சம். ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதி வெப்பம் மேலும் கீழும் உள்ள மண்ணிலிருந்து மெல்ல மெல்லக் கடத்தப்பட்டு வர வேண்டும், மண்ணோ மந்தமான கடத்தி. முதல் சில நாள் வேகத்தைப் பார்த்து வருடக் கணக்குப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

வெப்பத்தை நாமே மேலிருந்து அனுப்பினால்? கனடாவின் மல்லிக்கில் 2002-ல் சுடுநீரைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஐந்து நாளில் கிடைத்தது 470 கன மீட்டர் அளவு. அதே இடத்தில் 2008-ல் அழுத்தத்தைக் குறைத்தபோது ஆறு நாளில் 13,000. இதற்குமேல் வாதம் தேவையில்லை.

எங்கே கெடுகிறது

மணல். ஹைட்ரேட்தான் அந்த இளம் மணலுக்குச் சிமென்ட். அது கரைந்தால் மணல் தளர்ந்து வாயுவோடும் நீரோடும் ஓடிவரும். 2013-ல் நங்காயில் நாளொன்றுக்கு இருபதாயிரம் கன மீட்டர் அழகாக வந்துகொண்டிருந்தது. ஆறாவது நாள் மணல் திடீரென்று கிணற்றுக்குள் பாய்ந்து சோதனை நின்றது. மொத்தம் 1.2 லட்சம் கன மீட்டர். 2017-ல் உள்ளே போய் விரிந்து துளைச்சுவரோடு ஒட்டும் நுரை வகை வடிகட்டியைக் கொண்டுவந்தார்கள். கிணற்றுக்குள் இறக்கியபின் விரியவைத்த கிணற்றில் மறுபடி மணல் தொல்லை, 12 நாளில் நிறுத்தம். முன்கூட்டியே விரியவைத்து இறக்கிய இன்னொரு கிணறு 24 நாள் மணல் இல்லாமல் ஓடி இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்தது. ஆக, வடிகட்டி எந்தப் பொருள் என்பதைவிட அதை எப்படி விரித்துப் பொருத்துகிறோம் என்பதே பெரிது. 

தண்ணீர். இருபதாயிரம் கன மீட்டர் வாயுவுக்கு 122 கன மீட்டர் ஹைட்ரேட் கரைய வேண்டும், அதிலிருந்து மட்டும் 98,000 லிட்டர் நீர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எட்டு. துவாரத்தில் ஏற்கெனவே இருந்த உப்புநீரும், மேலடுக்கில் கசிவு இருந்தால் அந்த நீரும் இதற்கு மேல். இதெல்லாம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏற வேண்டும், அதுவும் நிற்காமல். மோட்டார் ஒரு மணி நேரம் நின்றால் நீர்மட்டம் ஏறும், அழுத்தம் ஏறும், கரைந்தது கிணற்றைச் சுற்றி மறுபடி கட்டியாகும். மறுபடி ஓட்டும்போது பழைய வேகம் கிடைக்காது.

மோட்டாருக்குள் வாயு. வாயுவையும் நீரையும் கிணற்றடியிலேயே பிரித்துத் தனித்தனிக் குழாயில் அனுப்ப வேண்டும். பிரிப்பான் சரியாக வேலை செய்யாவிட்டால் வாயுக்குமிழ் மோட்டாரில் மாட்டும், தண்ணீர் இறைப்பது நிற்கும், மேலே சொன்ன கதை தொடரும்.

வாயுக் குழாய் அடைப்பு. இதைக் கவனிக்காத ஆள் அதிகம். கிணற்றிலிருந்து 50 பாரில் ஈரத்தோடு வரும் வாயு, 4 டிகிரியில் இருக்கும் கடலடிக் குழாய்க்குள் நுழைகிறது. 4 டிகிரியில் ஹைட்ரேட் கட்ட 39 பார் போதும். அதாவது கஷ்டப்பட்டுக் கரைத்த பொருள் ஏறும் வழியில் மறுபடி ஹைட்ரேட்டாகக் கட்டிக்கொள்ளும். ஹைட்ரேட் கட்டாமல் தடுக்கும் மெத்தனாலோ கிளைக்காலோ கலந்து அனுப்பாமல் விட முடியாது.

மின்சாரமாக மாற்றினால்

நாளொன்றுக்கு 20,000 கன மீட்டர் என்பது 8 மெகாவாட் வெப்பம். நல்ல கூட்டுச் சுழற்சி நிலையத்தில் எரித்தால் 4 மெகாவாட் மின்சாரம். சீனா 2020-ல் தென்சீனக் கடலின் ஷென்ஹு பகுதியில் கிடைமட்டக் கிணறு போட்டு 30 நாளில் 8.61 லட்சம் கன மீட்டர் எடுத்தது. நாள் சராசரி 28,700, மின்சாரமாக 6 மெகாவாட். அப்போது அது உலகச் சாதனை.

ஆரல்வாய்மொழியிலிருந்து முப்பந்தல் வரை ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். இரண்டு மெகாவாட் காற்றாலை இரண்டு ஆனி, ஆடிக் காற்றில் முழு வேகத்தில் சுற்றினால் நங்காய் கிணற்றுக்குச் சமம். காற்று வருடம் முழுக்க அடிக்காது என்பதால் சராசரிக்கு ஏழெட்டு காற்றாலை என்று வைப்பது நேர்மை. ஒரு பக்கம் ஏழெட்டு காற்றாலை. மறு பக்கம் ஆயிரம் மீட்டர் கடலில் துளைக்கப்பல், கிணறு, குழாய், பிரிப்பான், உப்புநீர் வெளியேற்றம். வழக்கமான கடல் வாயுக் கிணறு நாளுக்குப் பல லட்சம் கன மீட்டர் தருகிறது. நாட்டின் வாயுச் செலவில் ஒரே ஒரு சதவீதத்தை நங்காய் வேகத்தில் எடுக்கத் தொண்ணூறுக்கு மேல் கிணறுகள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். என் கணிப்பு: இந்த எண் பத்து மடங்கு ஏறாதவரை ஹைட்ரேட் வாயு நம் அடுப்புக்கு வராது.

கார்பன் டை ஆக்சைடை உள்ளே தள்ளி மீத்தேனை வெளியே எடுப்பது பற்றி ஆசையாக எழுதுகிறார்கள். கூண்டில் இவனுக்குப் பதில் அவன் உட்காருவான், கரியமில வாயுவும் புதைந்தது, எரிபொருளும் கிடைத்தது. அலாஸ்காவில் 2012-ல் செய்தும் பார்த்தார்கள், 24,000 கன மீட்டர் அளவுக்கு மீத்தேன் வந்தது. ஆனால் சுத்தமான கார்பன் டை ஆக்சைடைத் தள்ளினால் மண்ணில் உள்ள தனி நீரோடு சேர்ந்து உடனே புது ஹைட்ரேட் கட்டிக் கிணற்று வாயையே அடைத்துவிடும். அதைத் தவிர்க்கத் தள்ளிய வாயுவில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் சேர்க்க வேண்டியிருந்தது. மேலே வருவது கலவை வாயு, அதைப் பிரிக்கத் தனிச் செலவு.

கட்டியாகவே கொண்டுபோவது

கடலடியை விட்டுவிட்டு, நாமே ஹைட்ரேட் செய்து வாயுவைக் கொண்டுபோகலாம் என்பது இன்னொரு வழி. மைனஸ் 20 டிகிரியில் ஹைட்ரேட் உருண்டை, சாதாரண அழுத்தத்திலும் வாரக்கணக்கில் நிற்கும். விதிப்படி அது கரைய வேண்டும். மேற்பரப்பில் கரைந்த நீர் மெல்லிய பனிக்கவசமாகி உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. ஜப்பானில் யனாய் மின்நிலையத்தில் நாளுக்கு ஐந்து டன் உருண்டை செய்யும் சோதனை ஆலை அமைத்து, லாரியில் கொண்டுபோய்ப் பயன்படுத்திக் காட்டினார்கள். திரவமாக்கிய வாயுவான எல்என்ஜிக்கு மைனஸ் 162 வேண்டும், அழுத்தி அடைத்த வாயுவான சிஎன்ஜிக்கு 200 பாருக்கு மேல் வேண்டும். இதற்கு மைனஸ் 20, அதாவது நம் மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்குகளில் தினமும் நடக்கிற குளிர் போதும். அந்த அளவில் இது நம்மூர் கைக்கு எட்டும் தொழில்நுட்பம்தான்.

ஆனால் அந்த 87 கிலோ இங்கே வந்து நிற்கிறது. பத்து டன் உருண்டை ஏற்றிய லாரியில் மீத்தேன் 1.3 டன், மீதி தண்ணீர். பத்து டன் எல்என்ஜி ஏற்றினால் பத்து டன்னும் எரிபொருள். இறக்கும் இடத்தில் உருண்டையைக் கரைக்க வெப்பமும் வேண்டும். குழாய் எட்டாத சின்ன வயலிலிருந்து சின்ன ஆலைக்கு என்றால் யோசிக்கலாம். நாகர்கோவிலுக்கு எரிவாயு கொண்டுவர இது வழியல்ல.

குளிரைச் சேமிக்க

மீத்தேனே இல்லாத ஹைட்ரேட்தான் இந்த மாவட்டத்தில் முதலில் வேலைக்கு வரும் என்று நினைக்கிறேன். டெட்ரா பியூட்டைல் அமோனியம் புரோமைடு என்ற உப்பை எடையில் 40 சதவீதம் தண்ணீரில் கரைத்தால் சாதாரண அழுத்தத்தில் 12 டிகிரியில் ஹைட்ரேட்டாக உறையும். கிலோவுக்கு 190 கிலோஜூல் அளவு குளிரைப் பிடித்துவைக்கும். ஐஸ் 334 பிடிக்கும், ஆனால் ஐஸ் செய்ய இயந்திரம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டும், மின்சாரம் கூடுதலாகத் தின்னும். இந்தக் கரைசல் கூழ் மாதிரி ஓடும், பம்பில் அனுப்பலாம். ஜப்பானில் கட்டடக் குளிரூட்டலுக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காற்று அடிக்கும் இரவில் மலிவு மின்சாரத்தில் கூழைத் தயாரித்துப் பகலில் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ குளிர் கொடுப்பது நடக்கக்கூடிய காரியம். இரண்டு எச்சரிக்கை: புரோமைடு சாதாரண இரும்புக் குழாயை அரிக்கும். மீனுக்கு இது ஆகாது, மீன் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், 12 டிகிரியில் நாறிவிடும்.

கல்லூரி ஆய்வகத்துக்கு

மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மாணவர்கள் திட்டப்பணிக்கு மீத்தேன் ஹைட்ரேட் என்று எழுதிவிட்டு அழுத்தக் கலம் இல்லாமல் முழிக்கிறார்கள். அழுத்தமே வேண்டாத ஹைட்ரேட் ஒன்று உண்டு: டெட்ராஹைட்ரோஃபியூரான். 19 கிராம் அதோடு 81 கிராம் காய்ச்சி வடித்த நீர், ஒரு மூலக்கூறுக்கு 17 நீர் என்ற சரியான விகிதம். இது 4.4 டிகிரியில் உறையும். நீர்த்தொட்டியை 1 முதல் 3 டிகிரிக்குள் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இறக்கினால் வெறும் பனிக்கட்டியும் சேர்ந்து உறைந்து, எது எது என்று பிரித்தறிய முடியாது. பல மணி நேரம் உறையாமல் அடம்பிடிக்கும். உப்பு கலந்த ஐஸில் குளிர்வித்த கண்ணாடிக் கம்பியின் நுனியால் தொட்டால் படிகம் தொடங்கும். வெப்பமானி சட்டென்று 4.4-க்கு ஏறி அங்கேயே நிற்கும். அந்தச் சமநிலைக் கோடு கிடைத்தால் செய்தது சரி. கோடு கீழே நின்றால் ஆவியாகி விகிதம் கெட்டிருக்கிறது, மூடியைப் பாருங்கள். எளிதில் தீப்பற்றும் திரவம் இது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, உள்ளே பொறி பறக்கும் சுவிட்சுகள் இருக்கின்றன. திறந்து நாளான புட்டியில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும், சோதிக்காமல் எடுக்காதீர்கள்.

வளைகுடாவில் குழாய் வேலை பார்ப்பவர்களுக்கு

உண்மையில் இன்று ஹைட்ரேட்டை வைத்துச் சம்பளம் வாங்குபவர்களில் அநேகம் பேர் அதை எடுக்கிற வேலையில் இல்லை, தடுக்கிற வேலையில் இருக்கிறார்கள். வாயுக் குழாய் அடைப்புக்குக் காரணம் பனிக்கட்டி அல்ல, ஹைட்ரேட் என்று ஹாமர்ஷ்மிட் காட்டியது 1934-ல். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் பீறிட்டபோது மேலே கவிழ்த்த எஃகுக் கூண்டை முதல் முயற்சியிலேயே தோற்கடித்ததும் இதே பொருள்தான். நம் மாவட்டத்து ஆட்கள் நிறையப் பேர் அந்த வயல்களில் இருப்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன்.

தடுக்க: ஹாமர்ஷ்மிட் சூத்திரப்படி, ஹைட்ரேட் கட்டும் வெப்பநிலையைப் பத்து டிகிரி கீழே தள்ள, குழாயில் தண்ணீரும் மெத்தனாலும் சேர்ந்த கலவையின் எடையில் 20 சதவீதம் மெத்தனாலாக இருக்க வேண்டும். அது தண்ணீரில் இருக்க வேண்டிய அளவு. மெத்தனாலில் ஒரு பங்கு ஆவியாகி வாயுவோடு போய்விடும், அதையும் சேர்த்து ஊற்ற வேண்டும். நின்று போன குழாயை மறுபடி ஓட்டும் நேரம்தான் அதிக ஆபத்து: குழாய் குளிர்ந்திருக்கும், தண்ணீர் பள்ளங்களில் தேங்கியிருக்கும்.

அடைத்துவிட்டால்: ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்காதீர்கள். கட்டி குழாய்ச் சுவரிலிருந்து விடுபட்டதும் மறுபக்க அழுத்தம் அதைக் குண்டு மாதிரி தள்ளும். வளைவில் மோதினால் குழாய் பிளக்கும், ஆள் செத்த சம்பவங்கள் உண்டு. இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக இறக்குங்கள். அடியோடு பூஜ்யத்துக்கு இறக்கினால் கட்டி கடுங்குளிராகிப் பனிக்கட்டியாக மாறும், அதைக் கரைப்பது இன்னும் கஷ்டம். குழாய்க்கு வெளியே உள்ள வெப்பநிலையில் ஹைட்ரேட் நிற்கத் தேவையான அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வைத்துக் காத்திருக்க வேண்டும். நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். பொறுமை இழந்து கட்டியின் நடுவில் சூடு வைப்பவர்கள் உண்டு. நடுவில் கரைந்த ஒரு லிட்டர் 160 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியப் பார்க்கும், இரண்டு பக்கமும் அடைப்பு, போக வழியில்லை. குழாய் வெடிக்கும். ஒரு கட்டி இருக்கிறது என்றால் இன்னொன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய அழுத்தத்தை எந்த மீட்டரும் காட்டாது. அதனால் இரு முனையிலும் பூஜ்யம் காட்டினாலும் அந்தக் குழாயின் ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றக் கூடாது.